எச்.பி.எஸ்.ஏ.ஜி நெகட்டிவ், சரி, அடுத்து? ஒளிந்திருக்கும் ஹெப்படைட்டிஸ் பி-யை லாபில் தேடும் முறை

கொழும்பில் லாப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். எச்.பி.எஸ்.ஏ.ஜி, அதாவது ஹெப்படைட்டிஸ் பி வைரசின் மேற்பரப்பு அன்டிஜன், நெகட்டிவ் என்று வந்தவுடன் "ஆளுக்கு ஹெப்படைட்டிஸ் பி இல்லை" என்று முடித்துவிடுவது நம் வழக்கம். பெரும்பாலானவர்கள் விஷயத்தில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சிலருடைய ஈரல் கலங்களின் கருவுக்குள் வைரசின் டி.என்.ஏ ஒரு வட்டமாகச் சுருண்டு கிடக்கும், எப்போதாவது கொஞ்சம் இரத்தத்தில் எட்டிப் பார்க்கும், ஆனால் மேற்பரப்பு அன்டிஜன் மட்டும் நம் கிட்டில் அகப்படாது. இதைத்தான் ஒளிந்த தொற்று என்கிறோம். இரத்தத்தில் டி.என்.ஏ தெரிந்தாலும் வழக்கமாக மில்லிலீற்றருக்கு 200 ஐ.யூ-க்குக் (சர்வதேச அலகு) கீழேதான் இருக்கும்.

முதலில் ரிக்வெஸ்ட் ஃபோர்மைப் படியுங்கள். எல்லோரிடமும் இதைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. ரிடுக்ஸிமாப் (நோயெதிர்ப்புக் கலங்களை அழிக்கும் மருந்து) ஏற்றப் போகிறவர், எலும்பு மச்சை மாற்றுக்குத் தயாராகிறவர், டயாலிசிஸில் இருப்பவர், காரணம் தெரியாமல் ஏ.எல்.டி (ஈரல் நொதி) ஏறி நிற்பவர், எச்.ஐ.வி உள்ளவர், இவர்கள்தான் முக்கியம். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் லிம்போமாவுக்கு (நிணநீர்ப் புற்றுநோய்) மருந்து தொடங்கப் போகும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். நோயெதிர்ப்புச் சக்தி சரிந்ததும் தூங்கிக்கொண்டிருந்த வைரஸ் எழும்பி ஈரலையே செயலிழக்க வைக்கலாம். அதனால்தான் அமெரிக்காவில் 2013 இல் ரிடுக்ஸிமாப் மருந்தின் விவரக்குறிப்பில் கட்டம் கட்டிக் கடும் எச்சரிக்கை போடச் சொன்னார்கள். ஃபோர்மில் மருந்து விவரம் இல்லையென்றால் வாட்டுக்கு ஒரு கோல் எடுத்து மிஸ்ஸிடம் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. டெனோபோவிர், லாமிவுடின் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து எடுக்கிறாரா, அண்மையில் இரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றினார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஏன் என்று பிறகு புரியும்.

அடுத்தது இரத்தம் எடுப்பது. பீ.சீ.ஆருக்கு ஊதா மூடி ஈ.டி.டி.ஏ குழாய். பச்சை மூடி ஹெப்பரின் குழாய் வேண்டாம், ஹெப்பரின் பீ.சீ.ஆர் வேலையையே முடக்கிவிடும். பம்பலப்பிட்டியில் எடுத்த குழாய் காலி வீதி நெரிசலில் மாட்டிப் பின்னேரம் வந்து சேர்வது புதினமில்லை. வந்தவுடன் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, ஒரே குழாயில் வைக்காமல் சிறு குழாய்களில் பங்கிட்டு ஃப்ரீசரில் போடுங்கள். மைனஸ் 70 பாகை இருந்தால் மிகவும் நல்லது. திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால், இருக்கிற கொஞ்ச டி.என்.ஏ-யும் குறைந்துவிடலாம்.

இப்போது செரோலொஜி, அதாவது அன்டிஜன், அன்டிபொடி சோதனைகள். எச்.பி.எஸ்.ஏ.ஜி-யை ஸ்ட்ரிப்பில் பார்த்திருந்தால் அதை நம்பாமல் மெஷினில் மறுபடி பாருங்கள். நல்ல மெஷின் மில்லிலீற்றருக்கு 0.05 ஐ.யூ வரை பிடிக்கும், ஸ்ட்ரிப் அதன் கிட்டக்கூட வராது. பிறகு ஆன்டி எச்.பி.சி டோட்டல் (வைரசின் கோர் பகுதிக்கு எதிரான அன்டிபொடி), கூடவே ஆன்டி எச்.பி.எஸ் (மேற்பரப்பு அன்டிஜனுக்கு எதிரான அன்டிபொடி). என்னைக் கேட்டால் இதில் ராஜா ஆன்டி எச்.பி.சி-தான், ஏனென்றால் தடுப்பூசி போட்டவருக்கு அது வராது, வைரசைச் சந்தித்தவருக்குத்தான் வரும். இலங்கையில் குழந்தைகளுக்கான ஊசி அட்டவணைக்குள் ஹெப்படைட்டிஸ் பி 2003 இல்தான் வந்தது. ஆகவே ஊசியே போடாத ஐம்பது வயதுக்காரரிடம் ஆன்டி எச்.பி.எஸ் தெரிந்தால், அது பழைய தொற்றின் தடமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆன்டி எச்.பி.சி வெட்டுப்புள்ளிக்குச் சற்று மேலே மட்டும் வந்தால் வேறு கிட்டில் திரும்பச் செய்யுங்கள். இரத்தம் ஏற்றிய கதை இருந்தால் அந்த அன்டிபொடி கொடுத்தவருடையதாகவும் இருக்கலாம்.

இன்னொரு தொல்லை. ஒளிந்த தொற்று உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எந்த அன்டிபொடியும் இருக்காது. அதனால் வைத்தியருக்குச் சந்தேகம் பலமாக இருந்தால், செரோலொஜி முழுக்க நெகட்டிவ் என்றாலும் டி.என்.ஏ பார்த்தே ஆக வேண்டும்.

கோவிட் காலத்துக்குப் பிறகு பீ.சீ.ஆர் என்ன என்று முச்சக்கர வண்டிக்காரருக்கும் விளக்கத் தேவையில்லை, ஆனால் இங்கே கணக்கு வேறு. மில்லிலீற்றருக்கு 5 ஐ.யூ உள்ள ஒருவரை எடுங்கள். 200 மைக்ரோலீற்றர் பிளாஸ்மாவில் இருப்பது 1 ஐ.யூ, அதாவது சுமார் ஐந்து வைரஸ் மரபணுத் தொகுதி. பிரித்தெடுத்ததை 50 மைக்ரோலீற்றரில் கரைத்து அதில் 10-ஐ பீ.சீ.ஆரில் போடுகிறீர்கள். குழாய்க்குள் போவது சராசரியாக ஒன்றே ஒன்று! சில நேரம் அதுவும் போகாது. 1 மில்லிலீற்றரில் இருந்து பிரித்தெடுத்தால் அது ஐந்தாகும். ஆகவே பிளாஸ்மா கூடுதலாக எடுக்கும் கிட்டைத் தேர்ந்தெடுங்கள், ஒரே மாதிரியை இரண்டு மூன்று குழாய்களில் ஓட்டுங்கள். லாபிலேயே இரண்டு சுற்றாகச் செய்யும் நெஸ்டட் பீ.சீ.ஆர் என்றால் வைரஸ் டி.என்.ஏ-யின் எஸ், எக்ஸ், கோர் போன்ற வெவ்வேறு பகுதிகளுக்குப் பிரைமர் வைத்து, குறைந்தது இரண்டில் பட்டை வந்தால்தான் பொசிட்டிவ் என்று எடுங்கள். நெஸ்டடில் முதல் சுற்றுக் குழாயைத் திறக்கிறோம், மாசு பரவ அது ஒன்றே போதும். மாஸ்டர் மிக்ஸ் கலக்கும் இடமும் டி.என்.ஏ சேர்க்கும் இடமும் வேறாக இருக்கட்டும், ஃபில்டர் டிப் கட்டாயம். நெகட்டிவ் கொன்ட்ரோலில் ஏதாவது தெரிந்தால் அன்றைய ஓட்டம் முழுதும் குப்பை, மனம் கேட்காவிட்டாலும். இன்டர்னல் கொன்ட்ரோல் (பீ.சீ.ஆர் ஒழுங்காக ஓடியதா என்று காட்ட மாதிரியோடு சேர்க்கும் டி.என்.ஏ) வராவிட்டால் "நெகட்டிவ்" என்று எழுதவே கூடாது.

றிப்போட் எழுதும்போது "ஹெப்படைட்டிஸ் பி இல்லை" என்று போடாதீர்கள். "டி.என்.ஏ கண்டறியப்படவில்லை" என்று எழுதி, உங்கள் முறை எத்தனை ஐ.யூ வரை பிடிக்கும் என்பதையும் போடுங்கள். நோயாளி டெனோபோவிர் எடுக்கிறார் என்றால் அந்த மருந்தே டி.என்.ஏ-யை அமுக்கியிருக்கலாம், அதைக் குறிப்பில் சேருங்கள். வைரஸ் விட்டுவிட்டு வருவதால், சந்தேகம் தீராதவரிடம் சில மாத இடைவெளியில் மறுபடி இரத்தம் கேட்கலாம். ஆன்டி எச்.பி.சி பொசிட்டிவ், டி.என்.ஏ நெகட்டிவ் என்று வந்த ரிடுக்ஸிமாப் நோயாளிக்கும் வைரஸ் எழும்பாமல் தடுக்கும் மருந்து தேவைப்படும், எனவே அந்த முடிவையும் மருந்து ஏற்றும் முன்னரே வாட்டுக்கு போனில் சொல்லிவிடுங்கள், கடதாசி போய்ச் சேரும் வரை காத்திருக்க வேண்டாம்.