கேம்பர் வேனில் தண்ணீர் நின்றால்: பம்பைக் கழற்றும் முன் ஒரு வாளி எடுங்கள்

குமரி மாவட்டத்தில் முட்டம், சொத்தவிளை, திற்பரப்பு என்று விடுமுறை நாட்களில் கேம்பர் வேன்கள் நிற்கும் இடமெல்லாம் ஒரே காட்சி. பக்கக் கதவு திறந்திருக்கும், சீட்டுக்கு அடியில் ஒருவர் தலையை விட்டிருப்பார், ஸ்பேனர் தரையில் கிடக்கும். "பம்ப் ஓடுது, தண்ணி வரல." பழைய டிராவலர், விங்கர் மாதிரி வண்டியை வாங்கி, தங்கிச் சமைக்க வசதியுள்ள கேம்பர் வேனாக மாற்றுகிறவர்கள் முதல் இரண்டு பயணத்தில் செய்யும் தவறுகள் மாறுவதே இல்லை. இந்த வேலையில் பழுத்தவர்கள் தொடக்கத்தில் செய்தவையும் இவைதான். டேங்கில் தண்ணீர் இருக்கிறதா, ஃபியூஸ் போய்விட்டதா என்பதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிட்டு மற்றதைப் பேசுவோம்.

சோதிக்காமல் பம்பை மாற்றுவது

காசைக் கரைக்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்ப நடப்பதால் எரிச்சல் வருவதும் இதில்தான்.

12 வோல்ட் டயஃப்ரம் பம்புக்குள் இருப்பவை ஒரு மோட்டார், அசைந்து தண்ணீரைத் தள்ளும் ஒரு ரப்பர் சவ்வு (டயஃப்ரம்), சின்ன வால்வுகள், ஒரு பிரஷர் ஸ்விட்ச். குழாயைத் திறந்ததும் லைனில் அழுத்தம் இறங்கும். பெரும்பாலான மாடல்களில் அது 25, 30 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தின் அளவு) வந்ததும் மோட்டார் ஓடத் தொடங்கும். குழாயை மூடியபின் 40, 50 பிஎஸ்ஐ ஏறியதும் ஸ்விட்ச் அதை நிறுத்தும். ஆக, குழாயைத் திறந்ததும் பம்ப் சத்தம் போட்டு ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் மோட்டாரும் ஸ்விட்சும் வேலை செய்கின்றன என்று பொருள். அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள இரண்டு மூன்று அடி ஹோஸை.

அங்கே இருக்கும் கோளாறு ஏன் கண்ணில் படுவதில்லை? பம்பைத் தாண்டியது தள்ளும் பக்கம், அங்கே கசிந்தால் சொட்டும், தரை நனையும். பம்புக்கு முன்னால் இருப்பது உறிஞ்சும் பக்கம். டேங்கின் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள ஓர் இணைப்பு தளர்ந்தால் ஒரு துளி கூட வெளியே வராது, பம்ப் அதன் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். ஈரம் எங்கே என்று தேடுகிறவர் எல்லா இணைப்பும் காய்ந்திருப்பதைப் பார்த்து, "அப்போ பம்ப்தான் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்.

முட்டத்தில் நின்ற ஒரு டிராவலரில் இரண்டாவது புதுப் பம்பும் 'கெட்டுப்போய்' மூன்றாவதற்கு ஆர்டர் போடும் நிலை. பம்புக்கு முன்னால் தூசியைப் பிடிக்கும் வலையான ஸ்ட்ரெய்னரின் கண்ணாடி மூடியைத் திருகிக் கழற்றினால், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்கு அடியில் ஒரே ஒரு மணல் பருக்கை. கடற்கரையில் ஸ்ட்ரெய்னரைக் கழுவி மாட்டும்போது ஒட்டியது. ரப்பரில் அது பதிந்த இடத்தில் நகக்கண் அளவு பள்ளம். அந்த வழியாகத்தான் காற்று. துடைத்து, ஓ-ரிங்கைத் திருப்பிப் போட்டு, கையால் இறுக்கியதும் தண்ணீர் வந்தது. இரண்டு பம்பின் விலை வீண்.

வாளிச் சோதனை பத்து நிமிட வேலை:

டேங்க் வால்வை மூடுங்கள். பம்பின் இன்லெட்டில் (தண்ணீர் உள்ளே போகும் வாயில்) இருக்கும் ஹோஸையும் ஸ்ட்ரெய்னரையும் கழற்றுங்கள். நூல் பின்னிய அரை இஞ்ச் ஹோஸ் இரண்டடி எடுத்து இன்லெட்டில் கிளிப் போட்டு மாட்டி, மறுமுனையை சுத்தமான தண்ணீர் உள்ள வாளியின் அடிவரை இறக்குங்கள். சமையல் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். நல்ல பம்ப் ஒரு நிமிடத்துக்குள் காற்றைக் கக்கிவிட்டுத் தண்ணீர் தள்ளும்.

தண்ணீர் வந்தால் பம்ப் நல்ல பம்ப். ஸ்ட்ரெய்னரை மட்டும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். அதிலும் வந்தால், குற்றவாளி பழைய ஹோஸ், அதன் கிளிப், அல்லது டேங்க். தோட்டத்துக்கு வாங்கும் மெல்லிய பச்சை ஹோஸை உறிஞ்சும் பக்கம் போட்டிருந்தால், வண்டி வெயிலில் நிற்கும்போது அது இளகி, பம்ப் இழுக்கையில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். பம்ப் நின்றதும் பழையபடி உருண்டுவிடும். அதனால் ஓடும்போதே ஹோஸைக் கையால் தடவிப் பாருங்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் கிளிப்பின் பட்டை பளபளவென்று இருக்க, திருகு மட்டும் துருப்பிடித்துப் பிடி விட்டிருக்கும். திருகும் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கும் கிளிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

வாளியிலிருந்தும் வரவில்லை என்றால், அப்போதுதான் பம்பின் மேல் கை வையுங்கள்.

பம்ப் வாயில் டெஃப்லான் டேப்

சுற்றாதீர்கள். பிய்ந்த இழை வால்வில் சிக்கும்.

பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டுகிறது என்று நம்புவது

பம்ப் நின்றிருக்கும்போது அளந்த வோல்ட் எதையும் சொல்லாது. பம்ப் ஓடும்போது, பம்பின் இரண்டு வயரிலும் மீட்டரை வைத்து அளக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். 7 ஆம்பியர் இழுக்கும் பம்ப், பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தூரம். போக வர 10 மீட்டர் வயர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஏறக்குறைய 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 போட்டால் அரை வோல்ட், 4 போட்டால் 0.3 வோல்ட். வோல்ட் குறைந்த பம்ப் மெதுவாக ஓடும், ஸ்விட்ச் நிறுத்தும் அழுத்தத்தை எட்டாது, நிற்காமல் ஓடிச் சூடாகும்.

வயர் சரியான அளவாக இருந்தும் வோல்ட் குறைந்தால் எர்த் வயரை வண்டி பாடியில் இறுக்கியிருக்கும் லக்கைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் அங்கே பச்சைக் களிம்பு பூத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி, திரும்ப இறுக்குங்கள்.

காற்றுக்குழாயை மறப்பது

டேங்கிலிருந்து ஒரு லிட்டர் வெளியே போனால் ஒரு லிட்டர் காற்று உள்ளே வர வேண்டும். நம் ஊரில் அந்தக் குழாயை அடைப்பது குளவி. வண்டி இரண்டு வாரம் மாமரத்தடியில் நின்றால் போதும், சுண்டுவிரல் பருமன் குழாய்க்குள் ஈரமண்ணை உருட்டி வைத்துக் கூடு கட்டிவிடும், காய்ந்தால் சிமெண்டு மாதிரி. அடையாளம்: தண்ணீர் நன்றாக வந்துகொண்டே இருந்து படிப்படியாகக் குறையும், டேங்கின் பக்கம் உள்ளே குழியும். நிரப்பும் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று இழுத்து, குழாயில் வேகம் திரும்பினால் அடைப்பு அங்கேதான். கூட்டைக் குத்தி எடுத்துவிட்டுக் குழாய் வாயில் கொசுவலைக் கம்பியைக் கட்டுங்கள்.

சரிவில் நிறுத்திவிட்டு டேங்க் காலி என்பது

கீரிப்பாறை, காளிகேசம் வழியில் சமதளம் கிடைப்பது அரிது. டேங்கின் வெளிவாய் பின்பக்கம் இருந்து வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றால், டேங்கில் நிறைய மீதமிருந்தும் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். முன்சக்கரத்துக்கு அடியில் பலகை வையுங்கள்.

எல்லாக் குழாயும் மூடியிருக்க, இடையிடையே பம்ப் 'டுர்' என்பது

அழுத்தம் எங்கோ இறங்குகிறது. பம்புக்கு அடுத்து கைப்பிடியைத் திருப்பி மூடும் ஒரு பால் வால்வு (ball valve) இருந்தால் அதை மூடி அரை மணி நேரம் பாருங்கள். சத்தம் நின்றால் கசிவு அதற்கு அப்பால், குழாய் வாஷரிலோ ஹீட்டர் இணைப்பிலோ. நிற்காவிட்டால் பம்பின் உள் வால்வில் துகள் மாட்டி, தண்ணீர் டேங்குக்கே திரும்புகிறது. டேங்கில் ஓட்டை போட்டபோது விழுந்த பிளாஸ்டிக் சீவல்தான் பெரும்பாலும் அந்தத் துகள்.

பிரஷர் ஸ்விட்ச் திருகு

தொடாதீர்கள்.

போர்வெல் மோட்டார் லைனை நேராக வேனில் மாட்டுவது

குழாயை மூடிய நொடியில் மோட்டாரின் முழு அழுத்தமும் ஹீட்டர் மேல் ஏறும். டேங்கில் நிரப்பிப் பயன்படுத்துங்கள், அல்லது அழுத்தத்தை 3 பாருக்குள் (bar) வைக்கும் ரெகுலேட்டர் போடுங்கள்.

குழாயில் தண்ணீர் உறையாமல் தடுக்கும் திரவம்

வெளிநாட்டு வீடியோ பார்த்து வாங்காதீர்கள். நமக்குத் தேவையே இல்லை.

கிடைத்த தண்ணீரை நிரப்பி அப்படியே வைப்பது

முக்கடல் அணையிலிருந்து வரும் நாகர்கோவில் குழாய்த் தண்ணீரும், கடலோரப் போர்வெல்லின் உப்புத் தண்ணீரும் டேங்குக்கு ஒன்றல்ல. உப்புத் தண்ணீர் ஹீட்டர் கம்பியிலும் குழாய் வலையிலும் வெள்ளைப் படிவு கட்டும். ஒரே ஒரு குழாயில் மட்டும் வேகம் குறைந்தால் அந்த வலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தால் போதும். வெளிச்சம் புகும் வெள்ளை டேங்கில் நம் வெயிலுக்குப் பாசி சீக்கிரம் பிடிக்கும், கறுப்பு டேங்க் நல்லது.

பாசி பிடித்துவிட்டால் ஃபில்டர் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு, 100 லிட்டர் தண்ணீருக்கு 33 சதவீத பிளீச்சிங் பவுடர் 15 கிராம். வாளியில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு மூடி, 12 மணி நேரம் வையுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. முழுதாக வடித்து, வாடை போகும்வரை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீர் நிரப்பி ஓடவிடுங்கள். உடனே ஸ்ட்ரெய்னரையும் திறந்து பாருங்கள். டேங்கில் உரிந்த பாசியெல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கும். கழுவி மூடும்போது ஓ-ரிங் பள்ளத்தை விரலால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டு மூடுங்கள்.