சிபிஎம் 2.2: உங்கள் கணினிக்குள் ஒரு 1970களின் கணினி

எமுலேட்டர் (ஒரு பழைய கணினியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்) பக்கம் முதன்முதலாக வருபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது சிபிஎம் 2.2-ஐத்தான். கேரி கில்டால் 1974-இல் இன்டெல் 8080 சில்லுக்காக எழுதத் தொடங்கிய இயங்குதளம் இது. 2.2 பதிப்பு 1979-இல் வந்தது. ஏ, பி, சி என்று டிரைவ்களுக்கு எழுத்து வைப்பது, கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பின் மூன்று எழுத்து என்ற கணக்கு எல்லாம் இதிலிருந்துதான் மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளமான டாஸுக்குப் போய், அங்கிருந்து விண்டோஸுக்கு வந்தன. மொத்த நினைவகமே 64 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. இவ்வளவு சின்னது என்பதால், உட்கார்ந்து முழுசாகப் புரிந்துகொள்ளலாம். எனக்கு இதைப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

கீழே கட்டளைகளைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன். நீங்கள் அவற்றை ஆங்கில எழுத்துகளாக அடிக்க வேண்டும்.

முதலில் தேவையானவை. சிம்ஹெச் என்ற இலவச எமுலேட்டர் தொகுப்பில் ஆல்டெய்ர் இசட்80 என்று ஒன்று இருக்கிறது. 1975-இல் வெளிவந்த ஆல்டெய்ர் 8800 கணினியைப் போல அது நடந்துகொள்ளும். அதைப் பராமரிக்கும் பீட்டர் ஷோர்னின் தளத்தில் சிபிஎம் 2.2 தொகுப்பும் ஜிப் கோப்பாகக் கிடைக்கும். இரண்டையும் இறக்கி ஒரே ஃபோல்டரில் பிரித்துப் போடுங்கள். 'டிஎஸ்கே' என்று முடியும் கோப்புகள்தான் ஃப்ளாப்பிகள், அதாவது அந்தக் காலத்தில் கோப்புகளைச் சேமித்த காந்த வட்டுகளின் இடத்தில் இருப்பவை. அவற்றை இப்போதே நகல் எடுத்து வையுங்கள். நீங்கள் உள்ளே எழுதுவது, அழிப்பது எல்லாம் அந்தக் கோப்புகளில் நேரடியாகப் பதிவாகும்.

சரி, தொடங்கலாம். டெர்மினலைத் திறந்து அந்த ஃபோல்டருக்குப் போய், எமுலேட்டரின் பெயரையும் (இடைவெளி விடாமல் ஆல்டெய்ர்இசட்80) அதன் பக்கத்தில் சிபிஎம்2 என்பதையும் அடித்து எண்டர் தட்டுங்கள். பதிப்பு விவரம் ஒரு வரி வரும், அடுத்து 'ஏ' என்ற எழுத்தும் ஒரு கூர்முனைக் குறியும். ஏ டிரைவில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

டிஐஆர் என்று அடியுங்கள். கோப்புப் பெயர்கள் நான்கு பத்தியாக வரிசைகட்டும். தெரியாத சொல்லை அடித்தால் அதே சொல்லைக் கேள்விக்குறியோடு திருப்பிச் சொல்லும், வேறு விளக்கம் தராது. சில கணினிகளில் பேக்ஸ்பேஸ் தட்டினால் எழுத்து அழியாமல் இன்னொரு முறை அச்சாகும். பயப்பட வேண்டாம். காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப் காலத்து வழக்கம் அது. தாளில் விழுந்ததை அழிக்க முடியாது, அதனால் எந்த எழுத்தை நீக்கினோம் என்று அச்சடித்துக் காட்டியது. கண்ட்ரோல் ஹெச் அழுத்துங்கள், அழியும்.

இப்போது ஒரு கோப்பு எழுதுவோம். புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் மெதுவாகப் போவோம். அதற்கான எடிட்டர் ஈடி. ஈடி அம்மா.டிஎக்ஸ்டி என்று அடியுங்கள். புதிய கோப்பு என்று சொல்லிவிட்டு நட்சத்திரக் குறி காட்டும். சிறிய 'ஐ' எழுத்தைத் தட்டி எண்டர் கொடுங்கள். பெரிய 'ஐ' தட்டினால் நீங்கள் எழுதுவதெல்லாம் பெரிய எழுத்தாக மாறிவிடும். இரண்டு வரி எழுதுங்கள். ஆங்கில எழுத்துதான், தமிழுக்கு இங்கே இடமில்லை. முடிந்ததும் கண்ட்ரோல் இசட், பிறகு 'ஈ', எண்டர். கோப்பு சேமிக்கப்பட்டுவிட்டது. டைப் அம்மா.டிஎக்ஸ்டி என்று அடித்தால் எழுதியது திரையில் வரும்.

அதே கோப்பை மறுபடி ஈடி-யில் திறந்து பாருங்கள். ஒன்றுமே இருக்காது! முதல் தடவை எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, எழுதியது போய்விட்டது என்றே நினைத்தேன். போகவில்லை. நினைவகம் குறைவு என்பதால், கோப்பில் எத்தனை வரியை உள்ளே கொண்டுவர வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஹாஷ் குறியும் 'ஏ' எழுத்தும் சேர்த்து அடித்தால், இடம் இருக்கும்வரை எல்லா வரிகளும் வந்துவிடும். அப்புறம் 'பி', ஹாஷ், 'டி' மூன்றையும் சேர்த்து அடித்தால் வரிகள் தெரியும். 'ஈ' கொடுத்து வெளியே வந்தால் பழைய வடிவம் பேக் என்ற பின்னொட்டோடு பத்திரமாக இருக்கும்.

நகல் எடுக்க பிப். இதில் கவனம் தேவை: போய்ச் சேரும் இடம் முதலில், எடுக்கும் இடம் பின்னால். பிப் பி:=ஏ:அம்மா.டிஎக்ஸ்டி என்றால் ஏ-யிலிருந்து பி-க்குப் போகும். அல்ஜீப்ராவில் இடப்பக்கம் விடை எழுதுவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள், குழப்பம் வராது. ஸ்டாட் கட்டளை வட்டில் மிச்சமிருக்கும் இடத்தைச் சொல்லும்.

வெளியேற கண்ட்ரோல் ஈ. சிம்ஹெச்சின் சொந்தக் குறி வந்ததும் எக்ஸிட் என்று அடியுங்கள். நாளைக்குத் திரும்ப ஓட்டி டிஐஆர் போட்டால் அம்மா.டிஎக்ஸ்டி அங்கேயே இருக்கும். அப்போது அதே வட்டில் உள்ள ஏஎஸ்எம், டிடிடி இரண்டையும் எடுத்துப் பாருங்கள். ஒன்று அசெம்ப்ளர், அதாவது அசெம்ப்ளி மொழியில் எழுதிய நிரலைச் சில்லுக்குப் புரியும் குறியீடாக மாற்றுவது; மற்றது நினைவகத்தை பைட் பைட்டாகத் திறந்து காட்டுவது. சிபிஎம்மில் எந்த நிரலும் நினைவகத்தின் 256-ஆவது முகவரியில்தான் வந்து உட்காரும். டிடிடி-யில் அங்கே போய்ப் பார்த்தால் அதன் முதல் பைட் உங்கள் கண்ணுக்கு நேராக நிற்கும்.