ஒரே பெட்டியை மூன்று முறை எழுதாதிருக்க: இடைமுகக் கூறுத் தொகுப்பை உருவாக்கிப் பகிரும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் கோயில் ஒன்றின் பால்குடப் பதிவுப் படிவம், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களுக்கான பக்கம், இளைஞர் மன்றத்தின் நன்கொடைப் பக்கம் ஆகிய மூன்றையும் நான் தனித்தனியாக எழுதிக் கொடுத்தேன். மூன்றிலும் அடையாள அட்டை எண்ணைக் கேட்கும் பெட்டி இருந்தது. அதை எண் வகைப் பெட்டியாக அமைத்திருந்ததால், 2001ஆம் ஆண்டில் பிறந்த பிள்ளைகளின் எண்ணில் முதலாவதாக வரும் சுழியம் சேமிக்கும்போது மறைந்துபோனது. பால்குடப் படிவத்தில் பிழையைத் திருத்தினேன். மற்ற இரண்டிலும் அது அப்படியே இருந்தது. பெட்டி, பொத்தான் போன்ற பக்கப் பகுதி ஒவ்வொன்றையும், அதாவது ஒவ்வொரு கூறையும், ஒரே தொகுப்பில் வைத்துப் பேண வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

படி 1: தேர்ந்தெடுத்தல்

உங்கள் பக்கங்களை அருகருகே திறந்து, இரண்டு இடங்களுக்கு மேல் திரும்ப வருவதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பொத்தான், பெயர்ப் பெட்டி, அடையாள அட்டைப் பெட்டி என மூன்று கூறுகள் போதும்.

படி 2: அடித்தளம்

இணையப் பக்கங்களின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டைக் கணினியில் இயக்கும் நோட்.ஜேஎஸ் மென்பொருளை நிறுவி, ஒரு கோப்புறையில் தொகுப்பின் விவரங்களைத் தாங்கும் பேக்கேஜ்.ஜேசன் கோப்பை உருவாக்கி, தொகுப்பின் பெயரையும் 0.1.0 என்னும் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். ரியாக்ட் போன்ற சட்டகங்களில் (பக்கங்களை எழுத உதவும் ஆயத்த நிரல்களில்) தொடங்குவதில் தவறில்லை. ஆயினும் உங்கள் தொகுப்பை எடுத்துப் பயன்படுத்துவோர் எந்தச் சட்டகத்தை அறிந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாத நிலையில், உலாவிகளே நேரடியாகப் புரிந்துகொள்ளும் வெப் காம்போனன்ட்ஸ் முறையை நான் பரிந்துரைக்கிறேன். இம்முறையில் ஒவ்வொரு கூறின் பெயரிலும் ஓர் இணைப்புக்கோடு கட்டாயம் இருக்க வேண்டும். பக்க அமைப்பு மொழியான எச்டிஎம்எல்லின் சொந்தக் குறிச்சொற்களோடு மோதாமலிருக்கவே இவ்விதி.

நிறம், எழுத்தளவு, இடைவெளி ஆகியவற்றைக் கூறுகளுக்குள் நேரடியாக எழுதாமல் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் மாறிகளாக வையுங்கள். ஷேடோ டாம் என்னும் வேலி வெளிப்பக்கத்தின் பாணி விதிகளைக் கூறுக்குள் நுழைய விடாது. ஆனால் மாறிகள் அந்த வேலியைத் தாண்டி உள்ளே செல்லும். ஆகவே கோயில் பக்கம் மஞ்சளாகவும் பள்ளிப் பக்கம் நீலமாகவும் இருக்க, கூறு ஒன்றே போதும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான மாறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்திற்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்க்கும் பெரியவர்களுக்கு இது மிகவும் உதவும்.

படி 3: கூறுகளை எழுதுதல்

பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள். மலாயில் ‘ஹந்தார்’ என்பது அடங்கும் இடத்தில் ‘சமர்ப்பிக்கவும்’ என்பது அடங்காது. மேலும், ஷேடோ டாமுக்குள் இருக்கும் சாதாரணப் பொத்தான் வெளியே உள்ள படிவத்தைத் தானாக அனுப்பாது. அந்த இணைப்பை எலிமென்ட் இன்டர்னல்ஸ் வசதியின் வழியாக நாமே ஏற்படுத்த வேண்டும். புதியவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான்.

பெயர்ப் பெட்டிக்கும் தனிக் கவனம் தேவை. ‘சமர்ப்பிக்கவும்’ என்னும் சொல்லில் நம் கண்ணுக்குத் தெரிபவை 9 எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்ட்டின் நீள அளவோ 15 என்று கூறும், ஏனெனில் புள்ளியும் உயிர்க்குறிகளும் அங்கே தனித்தனியாக எண்ணப்படுகின்றன. 20 எழுத்து வரம்பை இவ்வளவில் வைத்தால், முழுப்பெயரைத் தமிழில் எழுதுபவர் பாதியிலேயே தடுக்கப்படுவார். எழுத்துகளை நாம் எண்ணுவதுபோல் எண்ணுவதற்கு இன்ட்ல்.செக்மென்டர் என்னும் வசதி உலாவியிலேயே இருக்கிறது. மேலே வரும் புள்ளியும் கீழே இறங்கும் உயிர்க்குறிகளும் வெட்டுப்படாமலிருக்க, வரி உயரத்தையும் சற்றுத் தாராளமாக வையுங்கள்.

அடையாள அட்டைப் பெட்டியை எழுத்து வகையாக அமைத்து, எண் விசைப்பலகை மட்டும் தோன்றுமாறு செய்யுங்கள். சிலர் இணைப்புக்கோடுகளுடனும் சிலர் அவை இல்லாமலும் எழுதுவார்கள். கோடுகளை நீக்கிவிட்டு, 12 இலக்கங்கள் உள்ளனவா என்று மட்டும் சரிபாருங்கள்.

படி 4: காட்சிப் பக்கம்

எல்லாக் கூறுகளையும், அவற்றின் செயலற்ற நிலை, பிழை நிலை ஆகியவற்றோடு ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டுங்கள். ஸ்டோரிபுக் இதற்கென்றே உள்ள கருவி. மூன்று கூறுகளுக்குச் சாதாரண எச்டிஎம்எல் பக்கமே போதும்.

படி 5: பகிர்தல்

யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி போன்ற உரிமத்தைச் சேர்த்து, மூலநிரலை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வையுங்கள். பிறகு ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மில் கணக்கைத் திறந்து தொகுப்பை வெளியிடலாம். வெளியிடுவதற்கு முன், எந்தெந்தக் கோப்புகள் அனுப்பப்படும் என்பதை என்பிஎம் பேக் கட்டளையின் ஒத்திகை வடிவில் பாருங்கள். சோதனைக்காக வைத்திருந்த உண்மையான பதிவுப் பட்டியல் அதில் ஒருபோதும் இருக்கக் கூடாது. ஒருமுறை வெளியிட்ட பதிப்பு எண்ணை, அப்பதிப்பை நீக்கிய பின்னரும் மீண்டும் பயன்படுத்த முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொகுப்பு நிலைபெற்றதும் 1.0.0 என்று எண்ணிடுங்கள். பிழைத்திருத்தம் என்றால் அது 1.0.1 ஆகும், பழையதைக் கெடுக்காமல் புதிய வசதி சேர்த்தால் 1.1.0, பயன்படுத்துவோர் தங்கள் நிரலை மாற்றியே ஆகவேண்டிய மாற்றம் என்றால் 2.0.0. சுழியம் மறைந்த பிழை இனி வேறு வடிவில் வந்தாலும், பெட்டியைத் தொகுப்பில் திருத்தி 1.0.1ஐ வெளியிட்ட பின், மூன்று பக்கங்களிலும் ஒருமுறை புதுப்பித்தல் கட்டளையை இயக்கினால் வேலை முடிந்துவிடும்.