ஆம்ப்ளிஃபையரின் பவர் கார்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்ப்ளிஃபையருடன் வந்த கறுப்புப் பவர் கார்டைக் கழற்றிவிட்டு, பாம்பு போல் தடித்த, பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள கார்டைப் பொருத்தினால் குரல் தெளியும், பாஸ் (தாழ்ந்த ஒலி) இறுகும் என்று நம்பிப் பணம் செலவிடுவோர் பலர். இருக்கிற கார்டு போதிய தடிமனுடன் நல்ல நிலையில் இருந்தால், அதை மாற்றுவதால் காதுக்கு எட்டும் வேறுபாடு வருவதற்கு மின்னியலில் காரணம் இல்லை. அப்படியும் வேறுபாடு கேட்டதாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை; அவர்கள் சோதித்துப் பார்க்கும் முறையில்தான் பிழை இருக்கிறது.

முதல் தவறு, பாட்டே அந்தக் கார்டு வழியாக வருவதுபோல் எண்ணுவது. கார்டில் ஓடுவது 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம் மட்டுமே. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வழக்கமான ஆம்ப்ளிஃபையரில் அது குறைந்த வோல்ட்டேஜாக மாறி, டயோடுகளைக் கடந்து, பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்குகிறது; ஸ்பீக்கருக்குப் போகும் ஆற்றல் அந்தத் தேக்கத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

அடுத்தது, சுவருக்குள் இருக்கும் ஒயரை மறந்துவிடுவது. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரால் ஆன ஒன்றரை மீட்டர் கார்டில், போக வர இரண்டையும் சேர்த்தால், மின்தடை ஏறத்தாழ 0.08 ஓம். மெயின் போர்டிலிருந்து பிளக் பாயிண்ட் வரை 20 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போயிருந்தால், அதன் மின்தடை மட்டும் அரை ஓமை நெருங்கும். கார்டின் ஒயரை 1.5 சதுர மில்லிமீட்டராக இரட்டிப்பாக்கினால் மிச்சமாவது 0.04 ஓம், ஆம்ப்ளிஃபையர் ஒரு நொடித் துளியில் 10 ஆம்பியர் இழுத்தாலும் அதன் பயன் 0.4 வோல்ட்டைத் தாண்டாது. பக்கத்து அறையில் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது நம் வீட்டு 230 வோல்ட் அதைவிட அதிகமாகவே இறங்கி ஏறுகிறது.

கேட்டுப் பார்க்கும் விதத்தில் நேரும் தவறு இன்னும் நுட்பமானது. பழைய கார்டைப் பிடுங்கிப் புதியதைச் செருகும்போது, பின்னில் படிந்திருந்த களிம்பு தேய்ந்து தொடர்பு புதிதாகிறது. இதற்கிடையே வால்யூம் குமிழ் சற்றே நகர்ந்துவிட்டால், கூடுதல் சத்தம் கூடுதல் தெளிவாகவே காதுக்குப் படும். எனவே புதிய கார்டைக் கேட்டபின் பழையதை மீண்டும் செருகி, குமிழைத் தொடாமல், எந்தக் கார்டு என்று தெரியாதபடி வேறொருவரை மாற்றச் சொல்லிப் பத்துப் பன்னிரண்டு முறையாவது கேட்க வேண்டும். ஒருமுறை கேட்டு முடிவு செய்யக் கூடாது.

உயிருக்கே ஆபத்தான தவறு எர்த் பின்னைத் துண்டிப்பது. ஸ்பீக்கரில் ஓயாத ரீங்காரம் வருகிறது என்பதற்காகத்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள்; பின்னை வெட்டியதும் ரீங்காரம் நின்றும் விடலாம். ஆனால் உள்ளே காப்பு கெட்டு ஃபேஸ் ஒயர் உலோகப் பெட்டியைத் தொடும் நாளில், அந்த மின்சாரம் போவதற்கு எர்த் வழி இல்லாமல், பெட்டி முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். குமிழைத் திருப்பப் போகும் விரலே அதற்கு வழியாகிவிடும். என் உறவினர் வீட்டில் புதுக் கார்டு வாங்கியும் தீராத ரீங்காரம், செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருந்த கேபிள் டிவி ஒயரைக் கழற்றிய நொடியில் நின்றது. அந்த ஒயரின் வெளிப்புற உலோக உறை தெருவில் வேறோரிடத்தில் எர்த் ஆகியிருந்ததால், அந்த எர்த்துக்கும் வீட்டு எர்த்துக்கும் இடையிலான மின்னோட்டம் ஆம்ப்ளிஃபையரின் ஆடியோ ஒயர் வழியாகப் பாய்ந்துகொண்டிருந்தது. கேபிள் ஒயரில், அந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஓர் ஐசொலேட்டர் பொருத்தி, எல்லாக் கருவிகளையும் ஒரே போர்டில் செருகியதுடன் தொல்லை ஒழிந்தது.

கார்டை மாற்றியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டபின் பிளக்கின் தலையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, பின்னைச் சுற்றிக் கருகிய தடம் தெரிந்தாலோ, ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தில் கார்டு ஆடினாலோ, ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, கருவிக்குப் போதுமான ஆம்பியர் அளவுள்ள கார்டை வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினிய ஒயர் வேண்டாம். கருகிய தடம் சுவரிலுள்ள சாக்கெட்டிலும் இருந்தால், எலக்ட்ரீஷியனை அழைத்து அதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். தளர்ந்த சாக்கெட்டில் செருகினால் புதிய பிளக்கும் சில மாதங்களில் கருகிவிடும்.