வடசென்னை காசிமேட்டுப் பக்கம் போட்டோ ஷூட்: மாடல் விறைத்துப்போகாமல் இருக்க

"இயல்பா நில்லுங்க" என்று சொன்னதும் எதிரே நிற்பவர் கட்டையாகிவிடுவார். கையையும் காலையும் என்ன செய்வதென்று தெரியாததுதான் சிக்கல். அதனால் போஸ் சொல்லாமல் ஒரு வேலை கொடுங்கள். கேமரா செட்டிங் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் இடம். இங்கே கேமராவை வெளியே எடுத்தாலே நாலு பேர் கூடிவிடுவார்கள், அதுவும் உங்கள் முதுகுக்குப் பின்னால். லென்ஸைப் பார்க்கும் மாடல் அவர்களையும் பார்த்தாக வேண்டும். முகம் இறுகுவது அங்கேதான். எனவே கரையில் கொட்டியிருக்கும் பாறைகளை ஒட்டி, கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். பின்னால் நிற்க ஆளுக்கு இடமிருக்காது. கூட்டம் மாடலின் பின்புறம் போய், லென்ஸ் துவாரத்தை அகலத் திறக்கும் எஃப் 2-ல் மங்கிவிடும். மாலையானால் வெயில் ஊர்ப்பக்கம் இறங்கி மாடலின் முதுகில் விழும், கண் கூசாது. முகத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டிக்கொள்ளுங்கள். கோடையில் கடற்காற்றும் எதிரே வந்து முடியைப் பின்னுக்குத் தள்ளும். காலையில் வந்தால் இதே இடத்தில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணி, திறந்த நொடியில் எடுப்பதுதான் வழி.

பக்கத்து ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் 1856-ல் திறந்தது, தூண்களைப் பார்த்தால் ஆசை வரும்தான். ஆனால் ரயில்வே அனுமதி வாங்காமல் போகாதீர்கள். நடுவில் போலீஸ்காரர் வந்து கேட்டால் மாடலின் முகம் அதோடு போச்சு.

லென்ஸ் 85 எம்எம், கிராப் பாடி (சிறிய சென்சார் உள்ள கேமரா) என்றால் 50. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று சாதாரணக் குரலில் பேசலாம். 70-200 ஜூம் வைத்து தூரத்தில் நின்றால் கத்த வேண்டிவரும். 35-ஐ வைத்துக்கொண்டு கிட்டே போனால் மூக்குப் பெரிதாகும், அவரும் பின்வாங்குவார்.

எதிரெதிரே நிற்கும்போது இடது, வலது என்றால் குழப்பம்தான். "துறைமுகம் பக்கம் திரும்புங்க, கடல் பக்கம் பாருங்க" என்று சொல்லுங்கள். உடம்பு பாதி திரும்பட்டும். எடை பின்னங்காலில், முன்னங்கால் முட்டி லேசாக மடங்கட்டும்.

அதிகம் சொதப்புவது தாடை. "சிரிங்க" என்றதும் தலை பின்னால் போகும், கழுத்தில் இரட்டை மடிப்பு விழும். "தாடையைத் தூக்குங்க" என்றால் மூக்குத் துவாரம்தான் தெரியும். "நெற்றியை என்கிட்ட கொண்டு வாங்க" என்று சொல்லி, பிறகு அரை அங்குலம் கீழே இறக்கச் சொல்லுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் ஆமை கழுத்தை நீட்டுவதுபோல அசட்டுத்தனமாகத்தான் இருக்கும், லென்ஸில் தாடைக்கோடு சுத்தமாக வரும். நீங்களே முதலில் செய்து காட்டுங்கள். அவருக்குச் சிரிப்பு வரும், அதையும் எடுங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். மூன்று நான்கு ஃபிரேமுக்கு மேல் அப்படியே நிற்க வைக்காதீர்கள்.

கைக்கு ஒரு டீ கிளாஸ் போதும், பாதி அளவு டீயோடு. இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸ் உதட்டை விட்டு இறங்கும்போது தோளும் சேர்ந்து இறங்கும். ஷட்டரை அப்போது அழுத்துங்கள். புறங்கை நேரே கேமராவைப் பார்த்தால் கை பெரிதாகத் தெரியும். சுண்டுவிரல் ஓரம் தெரியட்டும்.

முடி, முந்தானை எதையும் நீங்கள் தொட்டுச் சரிசெய்யாதீர்கள். எங்கே என்று சொன்னால் அவரே செய்துகொள்வார். ஸ்கிரீனைப் பார்த்து முகம் சுளித்தபடி மௌனமாக நிற்காதீர்கள், தன்மேல்தான் தப்பு என்று நினைத்துவிடுவார்.

பின்சேர்க்கை: கடல்தான் பின்னணியாக வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் கூட்டம் உங்கள் பின்னால்தான் நிற்கும். மாடலுக்குப் பழக்கமான ஒருவரை உங்கள் தோளருகே நிறுத்திப் பேசிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கூட்டத்தை விரட்டினால் இன்னும் பத்துப் பேர் வருவார்கள். "அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம், கொஞ்சம் ஓரமா" என்று கேட்டாலே பெரும்பாலும் நகர்ந்துவிடுவார்கள்.