லினக்ஸில் மங்கிய தமிழ் எழுத்தைச் சரிசெய்த விதம்

ஆங்கிலம் பளிச்சென்று இருக்க, தமிழ் மட்டும் மெலிந்து மங்கினால் திரையைக் குறை சொல்லாதீர்கள். எந்த எழுத்துரு தேர்வாகிறது என்று காட்டும் எஃப்சி-மேட்ச் (fc-match) கட்டளையோடு முனையத்தில் 'சான்ஸ்:லேங்=டிஏ' (sans:lang=ta) என்று கொடுத்துப் பாருங்கள். என் கணினியில் சான்ஸ் (முனைக்கோடுகள் இல்லாத எழுத்துரு) கேட்டதற்கு ஏதோ பழைய செரிஃப் (முனைக்கோடுகள் உள்ள) எழுத்துரு வந்து நின்றது. பாதி நோய் அதுதான்.

நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவி, வீட்டு அடைவின் .config/fontconfig கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ்.கான்ஃப் (fonts.conf) கோப்பில் சான்ஸ்-செரிஃப் வரிசையைத் திருத்தினேன். வரிசை முக்கியம்: லத்தீன் எழுத்துரு முதலில், தமிழ் அடுத்து. மாற்றிப் போட்டால் ஆங்கில எழுத்தும் எண்களும் தமிழ் எழுத்துருவிலிருந்தே வரக்கூடும். பிறகு எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் (fc-cache) கட்டளை, செயலிகளை மூடித் திறத்தல்.

தடித்த வடிவத்தையும் மறக்காமல் நிறுவுங்கள். அது இல்லையென்றால் சாதாரண எழுத்தையே கணினி செயற்கையாகத் தடிமனாக்கும். ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

எழுத்தின் கோடுகளைப் பிக்சல்களோடு பொருத்தும் ஹின்டிங்கை 'ஸ்லைட்' (slight) என வைத்தேன். அது செங்குத்தாக மட்டுமே பிக்சலோடு பொருத்துவதால் சுழிகளின் அகலம் கெடாது. ஓரத்தில் சிவப்பு, நீலக் கசிவு தெரிந்தால் சப்பிக்சல் வரிசை (ஒரு பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளின் வரிசை) திரையோடு பொருந்தாமல் இருக்கலாம். ஆர்ஜிபி, பிஜிஆர் இரண்டையும் சோதியுங்கள். ஜிடிகே 4 (இடைமுக நூலகம்) கொண்டு எழுதிய செயலிகளில் இந்தச் சப்பிக்சல் அமைப்பு வேலை செய்யாது, சாம்பல் மென்மையாக்கம் மட்டுமே.

வேலண்ட் என்ற புதிய திரைக்காட்சி முறையில் 125 விழுக்காடு பெரிதாக்கத்தில் சில செயலிகள் மட்டும் கலங்கலாகத் தெரிந்தால், அவை பெரும்பாலும் பழைய எக்ஸ்11 செயலிகளுக்கான எக்ஸ்வேலண்ட் வழியாக ஓடி, படமாக நீட்டப்படுகின்றன. அங்கே எழுத்துரு அமைப்பு எதுவும் உதவாது. செயலியை நேரடி வேலண்ட் முறையில் இயக்க வேண்டும்.