கே.வி.யைக் கூட்டவா, எம்.ஏ.எஸ்.ஸைக் கூட்டவா?

எக்ஸ்ரே படம் சரியில்லை என்றதும் பலருக்குக் கை நேராக எம்.ஏ.எஸ். பட்டனுக்குத்தான் போகும். முதலில் குறை எது என்று பாருங்கள்: கதிரின் அளவு போதவில்லையா, ஊடுருவும் வலு போதவில்லையா?

எக்ஸ்ரே குழாயில் ஓடும் மின்னோட்டம் எம்.ஏ. (மில்லி ஆம்பியர்). அதை வினாடியால் பெருக்கினால் எம்.ஏ.எஸ். அதை இரட்டித்தால் கதிரின் அளவும் நோயாளிக்குப் போகும் டோஸும் இரட்டிக்கும், வலு மாறாது. கே.வி. என்பது குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தம் (கிலோவோல்ட்). அதைக் கூட்டினால் வலுவும் கூடும், அளவும் கூடும்.

இடுப்பு முதுகெலும்பைப் பக்கவாட்டில் எடுக்கிறீர்கள். எல்5-எஸ்1 பகுதி (கடைசி இடுப்பு முள்ளெலும்பு திருவெலும்போடு சேரும் இடம்) விவரமே இல்லாமல் வெள்ளையாக நிற்கிறது. அங்கே கதிர் எலும்பைத் தாண்டவில்லை. எம்.ஏ.எஸ். ஏற்றினால் சுற்றியுள்ள சதைதான் கருக்கும், கே.வி.யை ஏற்றுங்கள். படம் முழுக்க மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாக இருந்தால் அது பெரும்பாலும் எம்.ஏ.எஸ். பற்றாக்குறை.

கணக்குக்கு 15 சதவீத விதி போதும். கே.வி.யை 15 சதவீதம் கூட்டினால் எம்.ஏ.எஸ்.ஸைப் பாதியாக்கலாம். 70 கே.வி., 40 எம்.ஏ.எஸ். என்பது ஏறக்குறைய 80 கே.வி., 20 எம்.ஏ.எஸ்.ஸுக்குச் சமம். டோஸ் குறையும். ஆனால் கான்ட்ராஸ்டும் (கருப்பு-வெள்ளை வேறுபாடு) குறையும், சிதறல் கதிரும் தொந்தரவு செய்யும். கதிர் படும் பரப்பைக் குறுக்கும் கொலிமேட்டரை இறுக்கி, சிதறல் கதிரைத் தடுக்கும் கிரிட் போடுங்கள்.

நோயாளியால் அசையாமல் இருக்க முடியவில்லையா? 100 எம்.ஏ., 0.4 வினாடியும் 40 எம்.ஏ.எஸ்.தான், 400 எம்.ஏ., 0.1 வினாடியும் அதேதான். இரண்டாவதை எடுங்கள். எம்.ஏ. அதிகமானால் பெரிய ஃபோக்கஸ் (குழாயில் கதிர் பிறக்கும் புள்ளி) வேண்டியிருக்கும், நுண்விவரம் கொஞ்சம் மங்கும். அசைவில் கலைந்த படத்துக்கு அது எவ்வளவோ மேல்.

குழாய்க்கும் படம் பதியும் டிடெக்டருக்கும் இடையிலான தூரத்தை மறந்துவிடுபவர்கள் அதிகம். 100 செ.மீ.யிலிருந்து 180 செ.மீ.க்குப் போனால் கதிர் 3.24 மடங்கு நீர்க்கும், 20 எம்.ஏ.எஸ். இருந்த இடத்தில் 65 வேண்டும்.

டிஜிட்டலில் ஒரு பொறி இருக்கிறது. எக்ஸ்போஷர் அதிகமானாலும் சாஃப்ட்வேர் வெளிச்சத்தைச் சரிசெய்து அழகான படம் காட்டும். ஃபிலிம் காலத்தில் கருத்துப்போய் காட்டிக்கொடுக்கும். இப்போது காட்டிக்கொடுக்க எண் மட்டுமே. டீவியேஷன் இண்டெக்ஸ் (எக்ஸ்போஷர் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் எண்) பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். +3 என்றால் தேவையைப்போல் இரு மடங்கு, -3 என்றால் பாதி. பழைய சி.ஆர். (தகட்டில் பதித்து ஸ்கேனரில் படிக்கும் முறை) கருவிகள் சிலவற்றில் எண் தலைகீழ்: குறைந்தால்தான் டோஸ் கூடுதல். உங்கள் கருவியில் எப்படி என்று மேனுவலில் பார்த்து, கன்சோலுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.